அப்பா மருந்து வைத்தார்

ஜனவரி 17, புதன்

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பிடிக்காதது நடந்தாலும் எழுதுவேன். நான் தப்பு செய்தாலும் எழுதுவேன். கையெழுத்து நன்றாக இல்லாவிட்டாலும் உண்மையாக இருக்கும்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு நோட்டு இருக்கிறது. அதன் பெயர் பாறு நோட்டு. ஜெசிந்தா அக்கா நவம்பரில் கொடுத்தார். அவர் பாறு கழுகுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். பாறு என்பது செத்த மாட்டைத் தின்னும் பெரிய கழுகு. கழுத்தில் இறகு இருக்காது. ஒரு காலத்தில் எங்கும் இருந்ததாம். இப்போது எங்கள் மாயாற்றுப் பள்ளத்தாக்கு மாதிரி சில இடங்களில்தான் மிச்சம். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு நீர்மருது மரத்தின் உச்சியில் கூடு இருக்கிறது. அதில் ஒரு குஞ்சு. பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறையில் உட்கார்ந்து, அக்கா விட்டுப்போன தொலைநோக்கியில் தினமும் மாலை நாலரை முதல் ஐந்தரை வரை பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு காலையிலும் பார்க்க வேண்டும். பார்த்ததைக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டம்: அருகில் இறந்த கால்நடை.

அக்கா இரண்டு விதி சொன்னார். ஒன்று, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். இரண்டு, தப்பாக எழுதினால் அழிப்பான் போடக்கூடாது. பழையது படிக்கும்படி ஒரே கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும்.

பாறு நோட்டில் கட்டங்கள் மட்டுமே இருப்பதால் மற்றதை எழுத இந்த நாட்குறிப்பு.

என் பெயர் மாதேஸ்வரி. ஒன்பதாம் வகுப்பு. ஊர் கெம்பனூர். அப்பா ஜடையப்பன். ஆறு மாடுகளும், தக்காளி போட்ட கொஞ்சம் நிலமும் இருக்கின்றன. எழுத்து எதில் இருந்தாலும் படித்துவிடுவேன். வடை கட்டி வந்த தாளைக்கூட அம்மா என்னிடமிருந்து பிடுங்கித்தான் எறிய வேண்டும்.

ஜனவரி 18, வியாழன்

கணக்கில் 41. குஞ்சு இறக்கையை விரித்துப் பார்த்தது. தாயும் தந்தையும் மாறி மாறி வந்தன. எது தாய், எது தந்தை என்று யாராலும் சொல்ல முடியாதாம். ஒன்றின் இடது இறக்கையில் ஒரு இறகு முறிந்திருப்பதால் அதை மட்டும் எனக்கு அடையாளம் தெரியும்.

ஜனவரி 19, வெள்ளி

செவலை மேய்ச்சலில் இருந்து வரவில்லை. மற்ற ஐந்தும் ஓடி வந்தன. ஒன்றுக்கு மூச்சு இரைத்தது. செவலை ஏழு மாதச் சினை. அப்பா இருட்டுகிறவரை தேடிவிட்டு வந்தார்.

ஜனவரி 20, சனி

செவலையைப் புலி அடித்திருக்கிறது. மேற்குச் சரிவில், ஓடைக்கு மேலே, உண்ணிச்செடிப் புதருக்குள் இழுத்துப் போட்டிருந்தது. அப்பா காலையில் கண்டுபிடித்தார். பின்தொடையைத்தான் தின்றிருந்ததாம். மீதியைத் தின்ன இன்று திரும்ப வரும் என்றார்.

அம்மா அழவில்லை. தவிட்டைக் கரைத்துக்கொண்டே இருந்தார்.

"அத விட்டா அடுத்தது இதுக அஞ்சையும் ஒவ்வொண்ணா தூக்கும். மாட்டத் தூக்கற வாய் மனுசனத் தூக்காதா? இவ தெனமும் அந்த வழியிலதான பள்ளிக்கொடம் போறா" என்றார் அப்பா.

"பாரஸ்ட் ஆபீசுல எழுதிக் குடுங்க. அவுங்க வந்து பாக்கட்டும்."

"அவுங்க வர்றதுக்குள்ள அது தின்னு ஏப்பம் விட்டுட்டு அடுத்ததுக்கு வந்துரும்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, பரண் மேல தக்காளி மருந்து நீலக் கேன்ல இருக்குது பாரு. அத எடுத்தா."

எடுத்துக் கொடுத்தேன். கால் கேன் இருந்தது. ஒட்டியிருந்த தாளில் பாதி கிழிந்திருந்தது. மீதியைப் படித்தேன். ஒரு சாய்சதுரம், அதன் மேல்பாதியில் மண்டையோடு, கீழ்ப்பாதி சிவப்பு. தக்காளித் தோட்டம் கிழக்கே இருக்கிறது. அப்பா மேற்கே போனார்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தார். "மருந்து வெச்சாச்சு" என்றார். அம்மா சோப்பைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா மூன்று முறை கை கழுவினார். அவர் தோளில் போட்டுப் போயிருந்த துண்டை அம்மா துவைக்காமல் அடுப்பில் போட்டார்.

காலையில் பாறையில் உட்காரவில்லை. அந்தக் கட்டங்கள் காலி. மாலையில் கூட்டில் எல்லாம் சரி.

ஜனவரி 21, ஞாயிறு

காலை 9.50. வெயில் ஏறியதும் பாறுகள் வட்டமிட்டன. பிறகு ஒவ்வொன்றாக மேற்குக் குன்றுக்குப் பின்னால் இறங்கின. இருபத்து மூன்று எண்ணினேன். இதுவரை நான் எண்ணியதில் இதுதான் அதிகம். முறிந்த இறகு உள்ளதும் இறங்கியது.

பாறு நோட்டில் எழுதியது இது: "23 பாறுகள் குன்றுக்குப் பின்னால் இறங்கின. எந்த இடம் என்று தெரியவில்லை." அது சரிதான். நான் உட்காரும் பாறையில் இருந்து அந்த இடம் தெரியாது.

கடைசிக் கட்டத்தில் எழுதியது: "செவலை, சினைப்பசு. புலி கடித்தது. அப்பா மருந்து வைத்தார்."

பக்கத்தை அம்மாவின் போனில் படம் எடுத்து அனுப்பினேன். அக்கா உடனே பேசினார்.

"இருபத்து மூணா? ஏ மாதேஸ்வரி, நல்லா எண்ணுனியா? கூட வந்த காக்காவையும் சேத்து எண்ணலயே?"

"எண்ணுனனுங்க அக்கா. ரெண்டு தடவ எண்ணுனன்."

"சூப்பர் புள்ள. இந்த வருசத்துலயே இதுதான் பெரிய கூட்டம்."

அக்கா சந்தோஷமாக இருந்தார். நான் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மதியம் கீரைக் கடைசல். மாலையில் ஒரே ஒரு பாறுதான் கூட்டுக்கு வந்தது. முறிந்த இறகு உள்ளது வரவில்லை.

ஜனவரி 22, திங்கள்

அறிவியல் பரீட்சை. உணவுச் சங்கிலி வரைந்து பாகம் குறிக்கச் சொன்னார்கள். புல், மான், புலி என்று எழுதினேன். ஐந்து மதிப்பெண் கிடைக்கும்.

முறிந்த இறகு உள்ளது இன்றும் வரவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

ஆற்றங்கரையில் இரண்டு பாறுகள் செத்துக் கிடந்ததாக வனக்காவலர்கள் சொன்னார்கள். ஒன்றின் தலை தண்ணீருக்குள் இருந்ததாம். மாலையில் ஜெசிந்தா அக்கா ஜீப்பில் வந்தார். கையுறை போட்டு இரண்டையும் பெட்டியில் வைத்தார்கள். பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். முடிவு வர வாரக்கணக்கில் ஆகுமாம்.

நான் அருகில் போய்ப் பார்த்தேன். ஒன்றின் இடது இறக்கையில் ஒரு இறகு முறிந்திருந்தது. அதைப் பாறு நோட்டில் எழுதினேன்.

ஜனவரி 24, புதன்

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொடுத்தார். அக்கா பாறு நோட்டைத் திறந்து கடைசிக் கட்டத்தில் விரல் வைத்தார்.

"அண்ணே, செவலைக்கு மருந்து வச்சதா புள்ள எழுதியிருக்கா. கடிச்சப்புறமும் உசுரோட இருந்துச்சா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. காப்பி டம்ளரைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் இருந்துச்சுங்க."

"புண்ணுக்கு வச்சீங்களா? வலிக்கு ஊசி ஏதும் போட்டாங்களா? யாரு வந்தா?"

"மருந்து வெச்சமுங்க. அவ்வளவுதானுங்க."

"இந்த வலி ஊசிதாண்ணே பாறுக்கு எமன். ஊசி போட்ட மாடு செத்து, அதத் தின்னா பாறுக்குக் கிட்னி போயிரும். வேண்டாம்னு தடையே போட்டாச்சு. ஆனாலும் எங்கயாச்சும் வச்சிருக்காங்க. உங்க பக்கம் ஊசி போடுறது யாரு, குணசீலன்தானே?"

அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"மாட்ட எங்க போட்டீங்க?"

"ஒரு நாளு கெடந்துச்சுங்க. அப்பறம் பொதச்சாச்சுங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ டாக்டர் வந்தத பாத்தியா?"

"இல்லீங்க அக்கா. டாக்டரு வரல."

"நீ ஸ்கூலுக்குப் போயிருப்ப" என்று அக்காவே சொல்லிக்கொண்டார். சனிக்கிழமை பள்ளி கிடையாது. அதை அவர் கேட்கவில்லை. புதைத்தார்களா என்றும் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் மருந்து என்பது ஒரே சொல்தான். கூட வரும் வினையில்தான் பொருள் இருக்கிறது. மருந்து குடுப்பது காய்ச்சலுக்கு. மருந்து அடிப்பது செடிக்கு. மருந்து குடிப்பது என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருந்து வைப்பது எலிக்கும் பன்றிக்கும். அக்கா தூத்துக்குடிக்காரர். அங்கே புண்ணுக்கு மருந்து வைப்பார்கள் போல. இங்கேயும் புண்ணுக்கு வைப்பார்கள். ஆனால் செத்த மாட்டுக்குப் புண் ஆற்ற வேண்டியதில்லை.

நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

ஜனவரி 25, வியாழன்

செத்த பாறுகள் இதுவரை ஏழு. எல்லாம் ஆற்றோரமாகவே கிடைக்கின்றன. தாகம் எடுத்திருக்கும் என்று காவலர் ஒருவர் சொன்னார். ஒரு கழுதைப்புலியும், எங்கள் ஊர் நாய் ஒன்றும் செத்துவிட்டன. ஓடை மணலில் புலியின் காலடித் தடம் புதிதாக இருந்ததாம். புலி செவலையிடம் திரும்பிப் போகவே இல்லை போலிருக்கிறது.

அதை அப்பாவிடம் சொன்னேன். "கம்முனு படி" என்றார்.

பள்ளிக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு பலகை உண்டு. காட்டு விலங்கைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. நூறு முறையாவது படித்திருப்பேன். இன்று கணக்குப் போட்டேன். மூன்று என்றால் நான் பன்னிரண்டாம் வகுப்பு. ஏழு என்றால் பதினாறாம் வகுப்பு. அப்படி ஒரு வகுப்பு இல்லை.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றம். ஆளுக்கு இரண்டு மிட்டாய். "இயற்கையைக் காப்போம்" என்று நான் பேச வேண்டும் என்று முன்பே எழுதி வாங்கியிருந்தார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொன்னேன். தொண்டை கட்டவில்லை.

விழா முடிந்து வரும்போது கால்நடை ஆய்வாளர் குணசீலன் சார் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி போடவும் சினை பார்க்கவும் எங்கள் ஊருக்கு வருபவர் அவர்தான். என்னை எப்போதும் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். பின்சீட்டில் வழக்கமாக இருக்கும் பெட்டி இல்லை.

"என்ன கணக்குப்புள்ள, முட்டாய் தீந்து போச்சா?"

ஒன்றைக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டார்.

"உங்க பொட்டி எங்கீங்க சார்?"

"ஆபீசுல வாங்கி வெச்சுக்கிட்டாங்க. உள்ள என்ன இருந்துச்சு? பேதி மாத்திரையும், பாதி தேஞ்ச சோப்பும். அதப் பரிசோதன பண்றாங்களாம். பண்ணட்டும். சோப்பு சந்தன சோப்பு, வாசமா இருக்கும்."

"உங்களத் திட்டுனாங்களா?"

"திட்டுனாப் பரவால்ல. பதில் எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. அது வரைக்கும் எந்த ஊருக்கும் போகாதன்னுட்டாங்க. கோமாரி ஊசி போடற நேரம் இது. எவன் போடுவான்?" சிறிது நேரம் மிட்டாயைச் சப்பினார். "உங்கப்பன் மாட்டுக்கு நான் கடைசியா வந்தது தீவாளிக்கு முன்னால. உங்கப்பனுக்கும் தெரியும். ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது. நேத்து பாத்தன். பாக்காத மாதிரி போறாரு. நான் என்ன பண்ணுனன் அவருக்கு?"

"வர்றனுங்க சார்" என்றேன்.

மாலையில் கூட்டுக்கு ஒன்றுதான் வந்தது. குஞ்சு கத்துவது தொலைநோக்கியில் வாய் திறந்து மூடுவதாகத்தான் தெரிகிறது. சத்தம் வராது.

ஜனவரி 27, சனி

அக்காவோடு காலையில் பாறையில் உட்கார்ந்தேன். அக்கா மெலிந்திருந்தார். செத்தவை ஒன்பது என்றார்.

"எனக்கு ஒண்ணு புரியல. ஊசி போட்ட மாட்டத் தின்னா மூணு நாலு நாள் கழுத்தத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்துதான் சாகும். இது பொத்துப் பொத்துன்னு விழுது. ஏதோ ஒரு செத்த மாடு எங்கயோ இன்னும் கெடக்குது. எங்கன்னு தெரிஞ்சா எரிச்சுரலாம்." பிறகு ஜீப்பில் ஏறி ஆற்றோரமாகத் தேடக் கிளம்பிவிட்டார்.

9.40. வெயில் ஏறியது. கூட்டில் நின்ற பாறு, மிச்சம் இருக்கும் ஒரே ஒன்று, எழுந்து பறந்தது. இரண்டு வட்டம் சுற்றியது. மேற்குக் குன்றின் பக்கம் திரும்பியது. தாழத் தொடங்கியது. குஞ்சு அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அம்மாவின் போன் என்னிடம் இருந்தது. அக்காவுக்குப் போட்டேன்.

"அக்கா, மருந்துன்னா ஊசி இல்லீங்க அக்கா."

"என்ன சொல்லுத? சத்தம் கேக்கல."

"மருந்துன்னா வெஷமுங்க. செடிக்கு அடிக்கறது. செவலையப் பொதைக்கல. மேக்குச் சரிவு, ஓடைக்கு மேல, உண்ணிச்செடிப் பொதரு. இப்ப ஒண்ணு அங்க எறங்குது. நம்ம கூட்டுது."

அக்கா யாரிடமோ கத்தினார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் குன்றுக்குப் பின்னால் பட்டாசு வெடித்தது. ஏழெட்டுப் பாறுகள் மேலே எழும்பின. எங்கள் கூட்டினுடையது அதில் இருந்ததா என்று தெரியவில்லை. இந்த முறை உண்மையிலேயே தெரியவில்லை.

பதினொரு மணிக்குப் புகை எழுந்தது. புதருக்குள் இன்னும் நான்கு பாறுகள் கிடந்தனவாம். மொத்தம் பதின்மூன்று.

பாறு நோட்டை எடுத்தேன். 21ஆம் தேதிக் கட்டத்தில் "மருந்து வைத்தார்" என்பதற்கு ஒரே கோடு போட்டேன். பழையது படிக்க முடிகிறது. பக்கத்தில் எழுதினேன்: "புலியைக் கொல்ல, செத்த மாட்டில் பூச்சிமருந்து என்னும் விஷத்தை அப்பா ஜடையப்பன் ஊற்றினார். கேனை எடுத்துக் கொடுத்தது நான். தாளில் இருந்த மண்டையோட்டைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். குணசீலன் சார் வரவே இல்லை." கையெழுத்துப் போட்டேன். கட்டம் போதவில்லை. ஓரத்தில் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

மதியம் கூட்டுக்கு எதுவும் வரவில்லை. மாலையும் வரவில்லை.

வீட்டில் யாரும் என்னுடன் பேசவில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினேன்.

ஜனவரி 28, ஞாயிறு

காலையில் ரேஞ்சரும் இரண்டு பேரும் வந்தார்கள். நீலக் கேனைப் பையில் போட்டுக் கட்டினார்கள். அப்பா எதையும் மறுக்கவில்லை. நாளை காலை ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வரவேண்டும், அங்கிருந்து கோர்ட்டுக்கு என்றார்கள். குணசீலன் சாருக்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சோப்பைக் காணோமாம்.

மாலை 4.50. கூட்டுக்கு ஒரு பாறு வந்தது. குஞ்சுக்கு ஊட்டியது. ஒன்றால் மட்டும் வளர்க்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டேன். "தெரியல. நீ பாத்து எழுது, அப்பத்தான் தெரியும்" என்றார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஏழரைக்குச் சாப்பிட்டோம். களியும் கீரையும். அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டியிருந்தார். அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"அந்த நோட்டுல எழுதிட்டயாமா."

"எழுதிட்டனுங்கப்பா."

"எம் பேரு போட்டியா?"

"போட்டனுங்க."

"அது செரி." தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேனு நீ எடுத்துக் குடுத்தன்னும் எழுதியிருக்கறயாமா. ரேஞ்சரு சொல்றாரு."

"ஆமாங்கப்பா."

"அத அடிச்சுப்போடு அம்மிணி. எம் பேரு ஒண்ணு இருந்தாப் போதும்."

"அடிச்சாலும் படிக்கற மாதிரிதானுங்கப்பா அடிக்கோணும்."

"படிக்காத மாதிரி அடி."

"மாட்டனுங்க."

அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்தினார். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் மாதிரி இல்லை. அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பிறகு எழுந்து வாசல் விளக்கை அணைத்தார். சமையலறை விளக்கை அணைத்தார். இந்த விளக்கின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் எழுதோணுமா?"

"ரெண்டு வரிங்கப்பா."

"எழுதிக்க."

நின்றுகொண்டே இருந்தார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். "நாளைக்கு வெள்ளென எந்திரிக்கோணும்" என்றார் கடைசியில்.

மணி எட்டேகால். அப்பா விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாக இருந்தால் இருட்டில் எழுதியதால்தான்.